தம்பியின் எலும்பு மஜ்ஜை

என் மகளுக்கு ரத்தம் ஏற்றுவதற்காகக் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்குப் போய்வந்த நாள்களில் அவரைப் பார்த்தேன். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். ஜன்னல் பக்கத்து வலது கை மட்டும் வெயிலில் கறுத்திருக்கும். பக்கத்துக் கட்டிலில் அவருடைய மகள் படுத்திருப்பாள், பத்து வயது. அவள் கட்டைவிரல்கள் பிறவியிலேயே குட்டை. ரத்தம் ஏறி முடியும்வரை அதில் ஒன்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார்.

"டிஎன்ஏ உடைஞ்சா சரி பண்ற ஜீன் ஒன்னு இருக்காம்க்கா. புள்ளைக்கு அது வேலை செய்யல, அதான் ரத்தம் ஊற மாட்டேங்குது. நானும் வைஃபும் ஆளுக்கொரு பழுதானதக் குடுத்துட்டோம். எங்களுக்கு ஒன்னுமே இல்ல லா," என்றார் ஒருநாள்.

எலும்பு மஜ்ஜை மாற்றினால் ரத்தம் ஊறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சிறுமியின் ஆறு வயதுத் தம்பியுடையது பொருந்துமா என்று சோதித்தார்கள். முடிவு வந்த அன்று, அவர் டாக்டரின் அறையிலிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"மேட்ச் ஆவுதுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ஆனா எடுக்க முடியாதாம். அவனுக்கும் இதே வியாதி இருக்காம். இன்னும் வெளிய தெரியலையாம்."

அவருடைய ஃபோன் அடித்தது. மனைவி. மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தார்.

"மேட்ச் ஆவுது," என்று மட்டும் சொன்னார்.

மனைவி அழுதுகொண்டே கடவுளுக்கு நன்றி சொன்னது எனக்கே கேட்டது. அவள் ஓயும்வரை அவர் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார்.

அதன்பின் எங்கள் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்றும் நாள்கள் வேறுவேறாகிவிட்டன, அவரை மறுபடி பார்க்கவில்லை. மீதியை மனைவியிடம் எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.