மொட்டைத் தலையும் பாஸ்போர்ட் படமும்

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கூரியரில் வந்த அன்று எங்கள் வீட்டில் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அம்மா அதை வாங்கி ஆரோக்கிய மாதா படத்துக்குக் கீழே வைத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எப்ப வேளாங்கண்ணி போறது? உனக்கு மொட்டை வேண்டியிருக்கேன்.”

அப்போது எனக்கு இருபது வயது. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செமஸ்டர் மட்டும் ஜெர்மனியில் போய்ப் படிக்க எங்கள் கல்லூரியில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே குவைத், சிங்கப்பூர் என்று சம்பாதிக்கப் போன ஆண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. படிக்கவென்று விமானம் ஏறப்போகிற முதல் ஆள் நான்தான், அதுவும் பொம்பளைப் பிள்ளை. இடுப்பைத் தாண்டித் தொங்கும் பின்னல் எனக்கு. பாஸ்போர்ட் படத்தில் அதை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டு பெரிய இவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

“மொட்டையா? இந்த வயசுலயா? ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?” என்று கத்தினேன்.

லீவில் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, காபியை ஆற்றிக்கொண்டே அடுத்த குண்டைப் போட்டார். குவைத்தில் டிரைவர் வேலை அவருக்கு. ஏர்போர்ட் விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் சொல்வதுதான் சட்டம்.

“அக்கா, படத்துல ஒரு மூஞ்சி, நேர்ல ஒரு மூஞ்சின்னா விட மாட்டானுங்க. என்கூட வந்த ஒருத்தன் மீசைய எடுத்துட்டு வந்துட்டான். அவன ஓரமா உக்கார வச்சுட்டானுங்க.”

“அப்புறம் என்ன ஆச்சு மாமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பிளேன்ல ஏறிட்டேனே!”

மீசை போனதற்கே அந்தக் கதி என்றால் தலையே போனால்? அன்றைக்குப் பிடித்தது பயம். சோறு இறங்கவில்லை. சொல்லப்போனால் எனக்கு எல்லாமே பயமாகத்தான் இருந்தது. பனியைக் கண்டதில்லை. அந்தப் பாஷையில் வணக்கம் சொல்வதற்கு மேல் ஒன்றும் வராது. காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. ஆனால் இதையெல்லாம் வெளியே சொன்னால் “அப்ப போகாதே” என்று முடித்துவிடுவார்கள். அதனால் மொட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை போட்டேன்.

சம்பா நடவு தொடங்குகிற நேரம். நடவு ஆட்களைப் பேசிவிட்டு அம்மா வெயிலில் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

“பூமுடி குடுத்தாப் போதாதா?” பூமுடி என்றால் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பது. பெரிய பெண்களுக்கு அதுதான் வழக்கம்.

“வேண்டுனது மொட்டை.”

“சரி, போயிட்டு வந்து போட்டுக்குறேன். வந்த மறுநாளே போட்டுக்குறேன். விசாதான் கிடைச்சாச்சே, மாதா ஓடியா போயிடுவாங்க?”

அம்மா ஈர முகத்தைத் துடைக்காமலே திரும்பினாள். “விசாவுக்கா வேண்டுனேன்? விசாவாம் விசா! நீ திரும்பி வரணும்னு வேண்டுனேன்டி. நடவுக்கு ஆள் கூப்பிடப் போனாலே அச்சாரம் குடுத்தாத்தான் சொன்ன நாளுக்கு வர்றாங்க. பெத்த புள்ளைய முன்னபின்ன தெரியாத ஊருக்கு அனுப்பிட்டு, மாதாவுக்கு ஒண்ணும் குடுக்காம எப்படிப் பொறுப்ப ஒப்படைக்கிறது?”

அவள் குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வீட்டில் பயந்துகொண்டிருப்பவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். போகவிடாமல் தடுத்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். போனவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று அவள் பயந்தாள். அவள் பயந்துவிட்டாள் என்று தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்காயிற்று.

அப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போய், கோயில் முத்திரை போட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிவந்தார். பாஸ்போர்ட்டில் கூந்தலோடு இருப்பவரும் இந்த மொட்டைத் தலைக்காரரும் ஒருவரே, வேண்டுதல் காரணமாக முடி எடுக்கப்பட்டது என்று அதில் இருந்தது. உலகத்தில் எந்த அதிகாரியும் இதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டான் என்று அப்பா நம்பினார். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

வேளாங்கண்ணியில் முடி எடுப்பவர் என் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பூமுடிதானேம்மா?” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இறங்கி வந்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. “மொட்டைங்க” என்றேன் நானே. கத்தி உச்சியில் பட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்து சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது கடல் காற்று தலையில் நேராக அடித்தது. இந்தக் காற்றே இப்படிக் குளிர்கிறதே, அங்கே பனியில் என்ன செய்வேன் என்று துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மீனம்பாக்கத்தில் குரங்குக் குல்லாவோடு இமிகிரேஷன் வரிசையில் நின்றேன். சென்னை வெக்கையில் குல்லாவுக்குள் வேர்வை ஊறி வழிந்தது. அப்பாவும் அம்மாவும் கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ கூட்டத்தில். சாமியார் கடிதம் என் கையில் கசங்கி ஈரமாகிவிட்டது.

“குல்லாவ எடும்மா.”

எடுத்தேன். அதிகாரி படத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஓரமாக உட்கார வைத்துவிடுவார், விமானம் போய்விடும், நடவு முடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவேன். கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

“திருப்பதியா, வேளாங்கண்ணியா?”

“வேளாங்கண்ணி சார்.”

“அம்மா வேண்டுதலாக்கும்?”

தலையாட்டினேன். டப்பென்று முத்திரை குத்தினார். “பயப்படாதே. நல்லபடியா போயிட்டு வாம்மா” என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இத்தனை நாளாக நான் பயந்து செத்தது இந்த மனிதருக்குத்தான். என் தலையைப் பார்த்ததுமே எங்கள் வீட்டில் நடந்த அத்தனையும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது: நான் போய் இறங்குகிற ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். திரும்பி ஓடி அந்த மனிதரின் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாமா என்று இருந்தது.

குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டு, ஆட்கள் போகிற பக்கமாக நானும் நடந்தேன்.