வியாழக்கிழமை மதிய வண்டி

சிரில் ஆட்லிங் பொய் சொல்லாத மனிதர். ஒன்றிரண்டு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்! ஆனால் இருபத்தாறு வருடம் தோர்ஸ்பி என்ற சிற்றூரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு அந்தப் பெருமை ஒன்றுதான் சொத்து. வடக்கே சுரங்க ஊர்களிலிருந்து சனிக்கிழமை காலை வண்டியில் பந்தயப் புறாக் கூடைகள் வந்து இறங்கும். கூடையைத் திறந்து புறாக்களை அவற்றின் ஊருக்குப் பறக்கவிட்டு, பந்தயக் கணக்குக்காகத் திறந்த நிமிடத்தைச் சீட்டில் எழுதி, காலிக் கூடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். "ஆட்லிங் எழுதினா அதுக்கு அப்பீல் கிடையாது" என்று முகம் தெரியாத புறாக்காரர்கள் அங்கே பேசிக்கொள்வார்களாம். அதைக் கேட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அதற்காக ஈவிரக்கம் இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். வியாழக்கிழமை 1.40 வண்டிக்கு ஐவி டாபர் ஓடி வருவாள். அவள் புருஷன் லென், லிங்கன் நகரத்து நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் படுத்து நாலு வருடமாகிறது. பண்ணை வீட்டில் பாத்திரம் தேய்த்து முடித்து, முட்டைக் கஸ்டர்ட் கிண்ணத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் வருவாள். அதுவரை ஆட்லிங் பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பார்.

"என்ன மாஸ்டர், மழை வருமான்னு பாக்குறீங்களா?" என்று எஞ்சினிலிருந்து டிரைவர் கத்துவார்.

"கஸ்டர்ட் வருதான்னு பாக்குறேன். நீ வாயை மூடிக்கிட்டு உன் நீராவியைப் பாரு."

வண்டி போனதும் உள்ளே போய், 'தாமதம் இரண்டு நிமிடம், பயணிக்காக' என்று உள்ளபடியே எழுதி வைப்பார். அப்படி வண்டி ஒரு மனுஷிக்காகக் காத்து நின்ற காலம் அது. இனி எங்கே!

அறுபத்தொன்றாம் வருடம் ஏப்ரலில் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அந்த ஒரு வாரம், ஒவ்வொரு வண்டியிலும் ஏறுகிறவர் எத்தனை, இறங்குகிறவர் எத்தனை என்று எழுதி அனுப்ப வேண்டும். ஆள் குறைந்த பாதைகளுக்கு மூடுவிழா என்பது ஊருக்கே தெரியும். போர்ட்டர் வால்ட், பப்பில் ஆட்களிடம் சொல்லிவைக்க, திங்கட்கிழமை காலையில் முப்பது பேர் பிளாட்பாரத்தில் நின்றார்கள். அடுத்த ஸ்டேஷன் வரை போவது, திரும்புவது, மறுபடி போவது. இதுதான் திட்டம்.

"வெட்டியா ஏறி இறங்கறதுக்குப் பேர் பயணமா? போங்கய்யா வீட்டுக்கு!" என்று விரட்டினார் ஆட்லிங்.

"பக்கத்து ஸ்டேஷன்ல கல்லறையில இருக்கறவனைக்கூடக் கணக்குல ஏத்திட்டாங்களாம் மாஸ்டர்," என்றான் வால்ட்.

"அங்க ஏறட்டும். என் ஸ்டேஷன்ல மூச்சு விடறவன் ஏறினா போதும்."

உள்ளதை எழுதுகிறவனை ரயில்வே கைவிடாது என்று அவர் நம்பினார். பாவி மனுஷன், நிஜமாகவே நம்பினார்.

அந்த வாரம் பார்த்து ஐவிக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை சால்வையைச் சுற்றிக்கொண்டு டிக்கெட் ஜன்னலில் வந்து நின்றாள்.

"நேத்து என்னை எழுதிட்டீங்கல்ல மாஸ்டர்?"

"நீ வரலையேம்மா."

"நாலு வருஷத்துல நான் வராதது இந்த ஒரு தடவைதான். ஒரு கோடு போட்டா என்ன, குறைஞ்சா போயிடும்?"

"வராதவங்களை எப்படிம்மா எழுதறது? அடுத்த வாரம் வா, கஸ்டர்டையும் சேர்த்து ரெண்டு பேரா எழுதிடறேன்."

அவள் இருமிக்கொண்டே சிரித்தாள். அடுத்த வாரம் எழுதுவதற்குப் படிவம் ஏது?

இரண்டு வருடம் கழித்துப் பாதையை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபம் உள்ளவர்களை நகர மண்டபத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ரயில்வே ஆட்கள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஆட்லிங் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாத ஐவி எழுந்து நின்றாள்.

"வியாழக்கிழமை தவறாம போறேங்க. என் புருஷனைப் பாக்க வேற நாதியில்ல."

அதிகாரி மரியாதையாகத்தான் அந்த ஏப்ரல் வாரத்துப் படிவத்தைப் புரட்டினார். "வியாழக்கிழமை, 1.40 வண்டி. ஏறினவங்க பூஜ்யம். உங்க ஸ்டேஷன் மாஸ்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐவி கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்; ஆட்லிங் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள். 'அன்று அவளுக்குக் காய்ச்சல்' என்று ஆட்லிங் எழுந்து சொல்லியிருக்கலாம். மூன்றே சொல், அதுவும் உண்மைதான். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

மறு வருடம் இலையுதிர் காலத்தில் வண்டி நின்றேபோனது. அதன்பிறகு ஐவி இரண்டு பஸ் மாறிப் போனாள். போய்ச் சேர்ந்தால் லென் பக்கத்தில் இருபது நிமிடம் உட்காரலாம், திரும்புகிற பஸ் பிடிக்க ஓட வேண்டும். ஜனவரியில் ஒரு வியாழன், பஸ் பனியில் சிக்கி நடுவழியில் நின்றுவிட்டது. அன்று மூன்று மணிக்கு லென் போய்விட்டான். எத்தனை பனியிலும் 1.40 வந்திருக்கும் என்பது ஆட்லிங்குக்குத் தெரியும். அவர் அப்போது மாற்றலாகி லிங்கனில் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தார். அங்கிருந்து லென் இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வசந்தகாலத்து முற்பகலில் தோர்ஸ்பிக்கு வந்து ஐவியின் கதவைத் தட்டினார். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

"அந்தப் படிவத்துல உன்னை எழுதியிருக்கணும் ஐவி," என்றார். "தப்புப் பண்ணிட்டேன்."

"எழுதியிருந்தாலும் மூடியிருப்பாங்க. வராதவளை எழுதலை, அவ்வளவுதானே. அதுல உங்க மேல எனக்குக் கோபமில்ல மாஸ்டர்."

அவருக்கு மூச்சு வந்தது. கோப்பையை எடுத்தார்.

"மண்டபத்துல அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கினாங்களே, அப்ப நான் திரும்பி உங்களைத்தான் பாத்தேன்," என்றாள் ஐவி. "பாத்தீங்களா?"

ஆட்லிங் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கவனிக்கலையேம்மா," என்றார்.

ஐவி கத்தியை நிறுத்தி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு அடுத்த கிழங்கை எடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்துகொண்டார். பஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரியும்.