ஒரு சார்ஜில் ஓடிய வீடு

தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு முனகல், அதோடு சூடேறிய பிளாஸ்டிக்கின் லேசான நாற்றம். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்களில், அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டீவியை அணைத்ததும் தொடங்கும் அந்தச் சத்தத்தோடுதான் நான் தினமும் தூங்கப் போனேன். சத்தம் போட்டது அம்மாவின் பேட்டரி வண்டிக்கான சார்ஜர். வாசலில் இடம் இருந்தும் வண்டி கூடத்தில்தான் நிற்கும். ஏனென்றால் பெரிய பிளக்கைச் செருகுகிற "பவர் பாயிண்ட்" வீட்டிலேயே ஒன்றுதான், அதுவும் டீவிக்குப் பக்கத்துச் சுவரில். வண்டி குடிக்கும்போது டீவி இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை, கிரைண்டர் இல்லை. பத்து வயதில் எனக்கு ஒரு தம்பி பிறந்திருந்தால்கூட வீட்டில் இவ்வளவு அதிகாரம் பண்ணியிருக்க மாட்டான்.

அம்மா மிஷன் வீதிப் பக்கம் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்தாள். காலையில் கதவைத் திறப்பது, பெருக்கித் துடைப்பது, டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கொதிக்கவைத்து எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கிளினிக் சாவி அவளிடம்தான் இருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்குப் போக அப்போது பஸ்ஸை விட்டால் "டெம்போ". வெளியூர்க்காரர்கள் டெம்போ என்றால் சின்ன லாரி என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது ஆட்களை எதிரும் புதிருமாக அடைத்துக்கொண்டு, கரும்புகையைத் துப்பிக்கொண்டு ஓடுகிற மூன்று சக்கர வண்டி. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. "டெம்போல போனா வேலைக்குப் போற மாதிரியே இல்ல, அடுப்புக்குள்ள ஒக்காந்துக்கினு போற மாதிரி இருக்குது" என்பாள். பெட்ரோல் வண்டி வாங்கலாம்தான். ஆனால் லைசென்சுக்கு எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்றதுமே அந்த யோசனையை விட்டுவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து லைசென்ஸ் வேண்டாத, நம்பர் பிளேட் வேண்டாத, புகையும் சத்தமும் இல்லாத பேட்டரி வண்டிகள் ஊருக்குள் வந்தன. சீட்டு எடுத்து, வெளிர்நீலத்தில் ஒன்றை வாங்கி, ஒரே வாரத்தில் எங்கள் தெருவுக்குள்ளேயே ஓட்டப் பழகிவிட்டாள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் மில் தொழிலாளி. மில் அப்போது பாதி உயிரோடு இருந்தது. "லே-ஆஃப்" என்று சொல்லி, காலையில் வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அந்தக் கையெழுத்துக்காக முதலியார்பேட்டை வரை சைக்கிள் மிதித்துப் போய் வருவார். "காலு ரெண்டும் நல்லா இருக்கறவளுக்குக் கரண்டு எதுக்கு?" என்பதுதான் வண்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. வேலை இல்லாமல் போனாலும் அவர் உடம்பு ஒன்றாம் ஷிஃப்டிலேயே இருந்தது. நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் படுத்துவிடுவார். விடியுமுன்பே எழுந்து, வீடு முழுக்க ஒரு சுற்று வந்து, எரிகிற விளக்கு, சுற்றுகிற ஃபேன், சொட்டுகிற குழாய் எல்லாவற்றையும் அணைத்து, மூடி, முறுக்கிவிட்டுத்தான் பல் விளக்குவார். ஆளில்லாத இடத்தில் எரியும் விளக்கு வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர்.

எதிர்வீட்டுச் சேகர் மாமா நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலை செய்துவிட்டு வாரக்கடைசியில் வருபவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பொகையே இல்லன்றீங்க. அந்தக் கரண்டு எங்கேருந்து வருது? எங்க ஊர்ல நிலக்கரிய எரிச்சுத்தான வருது? ஒங்க ஊட்டுப் பொகைய எங்க மூக்குல உடறீங்க, அவ்ளோதான்" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, "ஒங்களுக்கு இளைப்பு இல்லல்ல மாமா, கொஞ்சம் இழுத்துக்குங்க" என்றாள். எனக்குத்தான் அது மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அன்றிலிருந்து சார்ஜர் முனகும்போதெல்லாம் நெய்வேலியில் யாரோ இருமுவதாக நினைத்துப் புரண்டு படுப்பேன்.

ஒரு முழுச் சார்ஜுக்கு அந்த வண்டி டவுனுக்குப் போய்த் திரும்பும். அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பங்கு போடுவதுதான் எங்கள் குடும்பம் அப்போது பார்த்த பெரிய அரசியல். பள்ளிக்கூடத்துக்கு அம்மாவின் பின்னால் உட்கார்ந்து போனால் என் எடைக்கும் புத்தகப் பையின் எடைக்கும் சேர்த்துச் சார்ஜ் போகும். பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கினால் பூசணியும் சேனையும் கிடையாது, கீரையும் கத்தரிக்காயும்தான். அரிசி மூட்டை அப்பாவின் சைக்கிளில் வரும். ஹாரன் அடித்தால் சார்ஜ் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி, மாட்டைப் பார்த்தால்கூட அம்மா வாயாலேயே "ஹேய்" என்பாள். வண்டியின் முகப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சார்ஜைக் காட்டும் சின்ன விளக்குகள் உண்டு. அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டி அவற்றையே பார்த்துக்கொண்டு வருவேன். வழியில் கடை, கோயில், சினிமா போஸ்டர் எதையும் நான் பார்த்ததில்லை. மஞ்சளுக்கு வந்துவிட்டால், எடை குறையும் என்பது போல மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் ஆற்றுப் பாலத்தில் மட்டும் அம்மா வேறு ஆளாகிவிடுவாள். ஏற்றத்தில் வண்டி திணறும். "பாப்பா, கொஞ்சம் எறங்கி ஓடியா" என்பாள். நான் பின்னால் ஓடுவேன். உச்சியில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டு, இறக்கத்தில் கையை முறுக்காமல் அப்படியே விடுவாள். சார்ஜை மிச்சம் பிடிக்கத்தான் என்று சொல்வாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். காற்று முகத்தில் அடிக்க, முந்தானையை இடுப்பில் செருகியிருக்க, ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு அவள் இறங்குவாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னாலேயே சிவப்பு விளக்கு வந்தது. பிறகு போகும்போதே வந்தது. கிளினிக் திறக்கத் தாமதமானது. அங்கே முதலில் வந்து நிற்பவர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள். எங்கள் ஊரில் அவர்களைச் "சொல்தா" என்போம். பல் செட்டு மாட்ட வந்தாலும் அணிவகுப்புக்கு வந்தது போல நேரத்துக்கு வருவார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். டாக்டர் நல்ல மனுஷி. "வசந்தா, நான் கோச்சிக்கல. ஆனா இன்னும் ஒரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, சாவிய பக்கத்துத் தெரு பொண்ணுகிட்டக் குடுத்துடுவேன். நீ மத்தியானம் மட்டும் வந்தாப் போதும்" என்றாராம். மத்தியானம் மட்டும் என்றால் பாதிச் சம்பளம். அப்பாவின் மில் எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

முதல் பழி என் எடைமேல் விழுந்தது. நான் டெம்போவுக்கு மாற்றப்பட்டேன். அப்படியும் வண்டி தேறவில்லை. ஒரு சனிக்கிழமை தவளக்குப்பம் முனையில் இருந்த மெக்கானிக்கிடம் மூன்று பேருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் பேட்டரியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சுமா. முழுசா சார்ஜ் ஏத்தாம பாதியில பாதியில எடுத்தா இப்படித்தான் ஆவும். பச்சை லைட்டு வந்தப்புறம்தான எடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஆமா, இவருதான் வெள்ளன எழுந்து பாத்து எடுப்பாரு" என்றாள் அம்மா.

"பச்சையா? செவப்பு லைட்டு எரிஞ்சா எடுத்துடுவேன்" என்றார் அப்பா.

"செவப்புன்னா ஏறிக்கினு இருக்குதுன்னு அர்த்தம் சார்."

"செவப்புன்னா மிஷின் நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

"எந்த ஊர்ல சார்?"

"மில்லுல" என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் முகம் மாறிவிட்டது.

மில்லில் நூல் நூற்கும் மிஷின் நின்றால் அதன் தலையில் சிவப்பு விளக்கு எரியும். நின்ற மிஷினுக்குக் கரண்டு தண்டம் என்று போய் அணைப்பது அவர் கை இருபது வருஷமாகப் பழகிய வேலை. சார்ஜரை அம்மா செருகும் நேரத்தில் அவர் தூங்கிப்போயிருப்பார். அதன் விளக்கு எப்போது எந்த நிறம் என்று அவருக்குத் தெரியாது. விடியுமுன் எழுந்தால் கூடத்தில் சிவப்பு எரிகிறது, அணைத்துவிடுகிறார். காலையில் அம்மா, "ஏறிடுச்சாங்க?" என்று கேட்பாள். "ஏறிடுச்சு" என்பார். இத்தனை மாதமும் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் தினமும் நடந்தது, நிறத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் போய்ப் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. புதுப் பேட்டரியின் விலையைக் கேட்டதும் மூவரும் வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். அம்மா அவரைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அம்மா வண்டியை எடுத்ததும், அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். நான் டெம்போவில் இருந்தேன். முருங்கப்பாக்கத்தில் நெரிசலில் டெம்போ நின்றபோது பார்த்தேன்: நீல வண்டி ஓரமாக நிற்கிறது, அம்மா அதைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறாள், அப்பா சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றிக் கையை நீட்டுகிறார். "சாவியக் குடு. நான் போயி தொறக்கறேன். நீ மெள்ள வா." அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பெடலில் எழும்பி நின்று மிதித்த வேகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. இறங்கி அம்மாவோடு வண்டியைத் தள்ளலாமா, பள்ளிக்கூடத்துக்குப் போவதா என்று பரபரத்துக்கொண்டிருக்கும்போதே டெம்போ கிளம்பிவிட்டது.

அன்று கிளினிக் நேரத்துக்குத் திறந்தது. அப்பாவே பெருக்கி, துடைத்து, சொல்தாக்களை வரிசையாக உட்காரவைத்தும் விட்டாராம். சாயங்காலம், "ஒரு பெரியவரு என்னப் பாத்து மெர்சின்னாரு. நான் பரவால்லன்னேன்" என்று, பிரெஞ்சு நன்றிக்குத் தமிழில் பதில் சொன்னதை வெட்கத்தோடு சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவி போகவில்லை. ஆனால் தினமும் அந்தச் சாவி கை மாறும் இடம் வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது: முருங்கப்பாக்கம், அப்புறம் பாலத்து இறக்கம், அப்புறம் பாலத்து உச்சி. கடைசியில் பாலம் ஏறவே வண்டிக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் அப்பா, "டவுன்லயே ஊடு பாத்துடலாம்" என்றார். அரியாங்குப்பத்து வீடு அவர் மில் பணத்தில் செங்கல் செங்கலாகக் கட்டியது. அதை வாடகைக்கு விட்டுவிட்டு, கிளினிக்குக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன "போர்ஷன்" எடுக்கலாம் என்றார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே புரிந்தது.

அம்மாவுக்கு மட்டும் கோபம் வந்தது. "வண்டி போச்சுன்னா வண்டிதான வாங்கணும்? ஊட்டையா மாத்துவாங்க?"

"வேலை இருக்கற எடத்துலயே இருந்துட்டா வண்டியே வேணாமே. பொகை இல்ல, கரண்டு இல்ல, பெட்ரோல் இல்ல. நடந்து போயிடலாம்."

சேகர் மாமாகூட அதில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மூடி வழவழவென்று ஆனபிறகும் துருவிக்கொண்டே இருந்து, "சரி" என்றாள். வண்டி பழைய இரும்புக்காரரிடம் போனது. டவுனில் எங்கள் போர்ஷனுக்கு வெளியே பகலெல்லாம் வண்டிப் புகைதான், இளைப்பு குறையவுமில்லை. ஆனாலும் வேலை நிலைத்தது. மில் மூடியபோது அவள் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அப்பா அதன்பிறகு விடியலில் எந்த சுவிட்சைத் தொடும் முன்பும், "ஏம்மா, இத அணைக்கலாமா?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்பார்.

இப்போது மில் இல்லை. சொல்தாப் பெரியவர்களும் அநேகமாக இல்லை. கிளினிக் இருந்த கட்டடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான ஓட்டல் நடக்கிறது, அம்மா வேலையை விட்டு, அரியாங்குப்பத்து வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் லாஸ்பேட்டையில் இருந்துகொண்டு மின்சார ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறேன். சார்ஜைப் பற்றி யோசிக்கவே வேண்டாத வண்டி, ஆனாலும் என் கண் பாதையைவிட்டுச் சார்ஜைத்தான் பார்க்கிறது. போன மாதம் அம்மா வீட்டுக்குப் போனபோது, "ஓட்டிப் பாரும்மா" என்றேன். ஆசையாக உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாலம் வரைக்கும் போயிட்டு வா, ரோடு காலியாத்தான் இருக்குது" என்றேன்.

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்துக்குப் போயி? அதத் தாண்டி எனக்கு இப்ப இன்னா வேலைடி இருக்குது?" என்று கேட்டுவிட்டு இறங்கிக்கொண்டாள்.