பதினோராம் அறையின் நாட் அவுட்

இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போது குமட்டுகிறது. டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள், சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் முன்பின் தெரியாதவர் திரும்பி நின்று கேட்கிறார். இருவரும் ஒரே நாட்டுக்கு ஆடியவர்கள், ஒரே தொப்பி போட்டவர்கள். பெயர் எழுதத் தேவையில்லை. மூத்தவர், இளையவர் என்றாலே எல்லாருக்கும் தெரியும்.

எனக்குக் கிரிக்கெட் பிடிக்காமல் இல்லை. விருதுநகரில் வேதியியல் படித்த மூன்று வருடமும் ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஆட்டக்காரர்களைப் பட்டியல் போட்டவள் நான். படித்து முடித்ததும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பாதுகாப்பும் தரமும் பார்க்கிற வேலை கிடைத்தது. காலையில் ஒவ்வொரு அறையாகப் பார்த்து நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கலக்குகிற அறையிலிருந்து மருந்து வெளியே வரும்.

அதே ஆலையில் என் அத்தையும் வேலை பார்த்தார். அப்பாவின் தங்கை. பதினோராம் அறையில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைப்பார். அவருடைய கைவேகம் சிவகாசி வரைக்கும் பேச்சு. அந்தக் கை அவருக்குக் கடைசிவரை இருக்க வேண்டும் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இளையவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார் என்று செய்தி வந்து சில மாதம் ஆகியும் பேச்சு ஓயாத நேரம் அது. கம்பெனி வேனில் போர்மேன் அண்ணாச்சி ஆரம்பித்தார். அவர் இளையவர் கட்சி, அத்தை மூத்தவர் கட்சி.

“அவரு ஆடி ஒரு மேட்ச்சாவது நீங்க பாத்துருக்கீகளா மதினி?”

“நான் எதுக்குப் பாக்கணும்? அவரு அவுட் ஆனா எங்க வீட்டுக்காரரு டிவிய அமத்திட்டு வெளிய போயிருவாரு. ஒங்காளு அவுட் ஆனப்ப எவனாச்சும் எந்திரிச்சானா? அம்புட்டுப் பேரும் உக்காந்துதான இருந்தீக?”

“அப்ப டீம்ல வேற ஆளு இல்ல, அதான் அமத்துனாக. எங்காளு காலத்துல எட்டாவதா வர்றவன் கூட அடிப்பான்.”

“அப்ப ஒங்காளு இல்லாட்டியும் வண்டி ஓடும்னு நீங்களே ஒத்துக்கிட்டீக.”

வேனே சிரித்தது. அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பி, “படிச்ச புள்ள நீ சொல்லு தாயி” என்றார்.

அங்கேதான் என் தவறு தொடங்கியது. நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். ஆலை வாசலில், செல்போன்களை வாங்கி வைக்கிற வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், ஒரு கரும்பலகை உண்டு. அதில் ஏழு கட்டம் போட்டு எழுதினேன். வெளிநாட்டு ஆடுகளம், எதிரே பந்து வீசியவர்களின் தரம், நான்காவது இன்னிங்ஸ், மறுமுனையில் துணைக்கு நின்றவர்கள், எத்தனை ஆண்டு ஆடினார்கள், தலைமைப் பொறுப்பு இருந்ததா. ஏழாவது கட்டம் ‘விட்ட பந்துகள்’. அதில் இருவருக்கும் ஒன்றும் எழுதவில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் எனக்கு அதுதான் முக்கியம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தைத் தொடாமல் விடத் தெரிந்திருப்பது பேட்டிங்கில் பாதி. இவர்கள் இருவரும் ஆடிய அதே அணியில் மூன்றாவதாக இறங்கி, நாள் முழுக்கப் பந்துகளை விட்டுவிட்டு நின்ற ஒருவர் இருந்தார். நான் அவர் கட்சி. ஆலையில் அந்தக் கட்சிக்கு நான் ஒருத்திதான்.

அண்ணாச்சி பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “முடிவு எங்கன இருக்கு?”

“முடிவு இல்ல அண்ணாச்சி. பந்து போட்டவங்க வேற, காலம் வேற. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்க முடியாது.”

“இதுக்கா இம்புட்டு சாக்பீஸு?” என்று கேட்டுவிட்டு, ஏழு கட்டத்தையும் துணியால் துடைத்தார். மேலே எழுதியிருந்த ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்ற இரண்டு தலைப்பை மட்டும் விட்டுவைத்தார். மூத்தவர் என்பதன் கீழே 11 என்றும், இளையவர் என்பதன் கீழே 12 என்றும் எழுதினார். எதிரெதிரே இருக்கிற இரண்டு அறைகள். ஒரு தட்டு பூச்சட்டி அடைத்தால் ஒரு ரன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் டெஸ்ட். ஜெயிக்கிற அறைக்குச் சாத்தூர் காராச்சேவு.

தீபாவளி சீசன், ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. முதலாளி செவ்வாய்க்கிழமை வந்து பலகையைப் பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். “நல்ல ஐடியாவா இருக்கே! லோடு முடியுற வரைக்கும் ஓடட்டும்” என்றார். என்னைப் பார்த்து, “நீதான் எழுதுனியாமே?” என்று பாராட்டவும் செய்தார். நான் தலையாட்டினேன்.

அந்த இரண்டு நாளில் நான் பார்த்தவற்றை எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே நுழையும்முன் உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும், அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒருவரும் தொடவில்லை, ஓடினார்கள். நான்கு பேர் இருக்க வேண்டிய பன்னிரண்டாம் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். கேட்டால், “சப்ஸ்டிடியூட் மேடம்” என்று சிரித்தார்கள். தரையில் சிந்திய மருந்தை ஈரத்துணியால் துடைத்து எடுக்காமல் காலால் ஒதுக்கினார்கள். பக்கத்து அறைக்காரர்கள் கைவேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று கைதட்டினார்கள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். “வெள்ளி வரைக்கும் பொறு தாயி. டெஸ்ட் மேட்ச்ச பாதியில நிப்பாட்டுவாகளா?” என்றார். பதிவேட்டில் எழுதினேன். எழுதிய பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். அத்தையிடமும் சொன்னேன். “பதினேழு ரன்னு பின்னால கெடக்கோம், இப்ப வந்து பாடம் எடுக்க” என்று கையை நிறுத்தாமல் சொன்னார். அவர் கட்டைவிரலில் மருந்து வெள்ளியாகப் படிந்திருந்தது.

செவ்வாய் இரவு மழை தூறியது. புதன் காலை வழக்கம்போல அறைகளைப் பார்க்கப் போனேன். பதினொன்றில் அத்தை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார், தட்டில் காலிக் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இன்னும் கையெழுத்தே போடவில்லை, மருந்து வர வழியில்லை. ஆனால் அறையில் அம்மோனியா போல ஒரு நெடி இருந்தது. மூலையில் ஒரு சாக்கு கிடந்தது. ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீரில் அது ஒரு பக்கம் நனைந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின், பாதிக்கு மேல் மருந்து. புறங்கையைப் பேசினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றன்று கலக்கிய மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், மீந்ததை மாலையில் ஒப்படைத்து அழித்துவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த விதி இது. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்ததில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும்.

“என்னத்த இது?” என்றேன்.

“நாட் அவுட்டு” என்றார் அத்தை. ஒளிவுமறைவே இல்லை அவர் முகத்தில். “சாயங்காலம் மிச்சமிருந்துச்சு. அழிச்சுட்டா காலையில அவுக மருந்து குடுக்குற வரைக்கும் சும்மா உக்காரணும். ராத்திரி நாட் அவுட்டுன்னா மறுநா அந்த ஸ்கோர்ல இருந்துதான ஆடுவாக? திரும்பச் சைபர்ல இருந்தா ஆடுவாக?”

அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தேன், மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தேன். எதிர் அறைக்காரர்களையும் பக்கத்து அறைக்காரர்களையும் கேட் வரைக்கும் விரட்டினேன். சூடேறிய மருந்தை நகர்த்தக் கூடாது; கொஞ்சம் ஈரம்தான் சூடேற்றும், வெள்ளமாகத் தண்ணீர் விட்டால் அடங்கும். தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து தூரத்திலிருந்தே தண்ணீரை வெள்ளமாக அடித்தார்கள். வெள்ளைப் புகை சீறிக் கிளம்பி, ஓட்டின் இடுக்கு வழியாக வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் என்னைக் குமட்ட வைத்தது அந்தப் புகை இல்லை. புகை அடங்குவதற்கு நாங்கள் கேட்டருகே காத்திருந்த ஒரு மணி நேரம்தான். அத்தனை பேரும் பலகையைச் சுற்றி நின்று விவாதித்தார்கள்.

“நேத்து மருந்துல இன்னைக்கி அடைச்சா ரன்னு நேத்துக் கணக்கா, இன்னைக்கிக் கணக்கா?”

“அது செல்லாதுலே. அம்பயரு பாக்கயில ஆடுனாத்தான் ரன்னு.”

“எங்காளா இருந்தா மழையில நனஞ்ச பிச்சுலயும் அடிச்சிருப்பாரு” என்றார் அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். புகை அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

நான் போய்ப் பலகையைக் கையாலேயே துடைத்தேன். இரண்டு தலைப்பும் போயிற்று. அன்றைக்கு எந்த அறைக்கும் கையெழுத்துப் போடவில்லை. மருந்து வெளியே வரவில்லை, ஆலை நின்றது. பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். காரணங்கள் என்று தலைப்பிட்டு வரிசையாக நான்கு: போட்டி நடத்திய போர்மேன், அனுமதித்த முதலாளி, மருந்தை வைத்திருந்த தொழிலாளி, பலகையில் முதல் கோட்டைப் போட்ட நான்.

முதலாளி படித்தார். முதல் இரண்டு காரணங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான்காவதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது காரணத்தை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அப்படியானால் இந்த அறிக்கையின் ஒரு பிரதி சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் என்று சொன்னேன். அத்தையை மருந்து இல்லாத பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். நான் வேண்டியதும் அதுதான். அத்தைக்கு அது அவமானம். பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலையை அவர் வேலையாகவே மதிப்பதில்லை. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

தீபாவளி முடிந்து ஒரு நாள் வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரலெல்லாம் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

“அன்னைக்கி கடைசியா ஒரு கட்டம் போட்டு ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தியே, அது என்னது?”

மூன்றாவதாக இறங்கியவரைப் பற்றிச் சொன்னேன். வெளியே போகிற பந்தைத் தொடாமல் விட்டுவிட்டு மாலை வரைக்கும் நிற்பார் என்றேன்.

“விட்டதுக்கெல்லாம் எவன் கை தட்டுவான்?” என்றார்.

“யாரும் தட்ட மாட்டாங்க.”

அத்தை விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்து மடியில் போட்டுக்கொண்டே வந்தார், ஒவ்வொரு விரலாக, பத்து விரலிலும்.