முறிகண்டி வரை அமோனியா

போன கிழமை கிளிநொச்சிக்குப் போகும் பேருந்தில் என் மகள் கைபேசியில் அமோனியா மூலக்கூறை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தாள். யாருடைய பையிலிருந்தோ தேசிக்காய் வாசம், அதுதான் எலுமிச்சை வாசம், வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள்.

நான் உயர்தர வகுப்பில் படித்தபோது கிளிநொச்சியில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சிக்கு நான் செய்த அமோனியா மாதிரியுரு தெரிவாகியிருந்தது. அதற்குமுன் நான் எதற்குமே தெரிவானதில்லை, சாக்கு ஓட்டத்துக்குக்கூட. நடுவில் பெரிய தேசிக்காய், அது நைதரசன். நிறம் வேண்டுமென்று அதற்குக் குங்குமம் பூசியிருந்தேன். ஈர்க்குகளில் குத்திய மூன்று சின்னத் தேசிக்காய்கள் ஐதரசன். பிணைப்பில் சேராத இலத்திரன் சோடிக்கு, பஞ்சு வைத்துக் கட்டிய சிவப்புத் துணிப் பொட்டலம். என் புத்தி அவ்வளவுதான்.

மாங்குளத்தில் ஏறி அதை மடியில் வைத்ததும் பக்கத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் துள்ளி எழும்பி நடத்துநரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பிள்ளை செய்வினை கொண்டுபோகுது!"

நடத்துநர் வந்தார். தொடவில்லை. "தங்கச்சி, முறிகண்டியில கும்பிட பஸ் நிக்கும்தானே. பிள்ளையார் கோயிலடியில வைச்சிட்டு வாங்கோ."

"ஐயோ அண்ணை, இது அமோனியா!"

பெயரைச் சொன்னதும், அது ஏதோ பேயின் பெயராக்குமென்று நிலைமை இன்னும் மோசமாகியது.

முறிகண்டிக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. அழுதால் அமோனியா போய்விடுமென்று, படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

"இந்த ஈர்க்குகள் ஒவ்வொண்டும் ஒரு இலத்திரன் சோடி. ரெண்டு பக்கத்தாலயும் கரு இழுக்கிறதால ஒடுங்கி நிக்குது. சிவப்புப் பொட்டலமும் சோடிதான். ஆனா நைதரசன் மட்டும்தான் அதைப் பிடிச்சிருக்கு. அதால அது பரந்து, மற்ற மூண்டையும் நெருக்குது. அதுதான் ஈர்க்குகளுக்கு இடையில உள்ள கோணம் நூற்றொன்பதரை பாகையில இருந்து நூற்றேழாக் குறையுது."

நடத்துநர் யோசித்தார். "சீற்றில ஒருத்தர் காலை அகட்டிக்கொண்டிருந்தா மற்றவை நெருங்கிற மாதிரியோ?"

"ஓம் அண்ணை, ஓம்!"

முழுப் பேருந்தும் ஒரு மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மெல்லக் காலைச் சேர்த்துக்கொண்டார்.

முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்த அந்த அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று நைதரசனுக்கும் பூசினார். பிறகு பக்கத்திலேயே இருந்தார். கண்காட்சியில் நடுவர் கோணம் ஏன் குறைகிறதென்று கேட்டபோது நடத்துநரின் உதாரணத்தையே சொன்னேன். இரண்டாமிடம்.

போன கிழமைப் பேருந்தில் மகளின் மூலக்கூறைக் கண்டு ஒருவரும் பயப்படவில்லை, என்னவென்று கேட்கவும் இல்லை. எல்லோரும் தத்தம் கைபேசிக்குள் குனிந்திருந்தார்கள். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. முறிகண்டியில் பேருந்து நின்றதும், "பிள்ளை, அந்தக் கோணம் ஏன் நூற்றேழு?" என்று நானே கேட்டேன், பின்சீற்றுக்கும் கேட்கிற மாதிரிக் கொஞ்சம் உரக்க.