பத்து நாள் தள்ளிவைத்த ஆட்டங்கள்

போன வாரம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. கடலூர் முழுக்கக் கொண்டாட்டம். இரண்டு மாதமாக ஐஸ் மீன் தின்று நாக்கு செத்துப்போனவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்கள். எங்கள் வீட்டிலும் வஞ்சிரம் வறுத்த வாசம் வாசல் வரைக்கும் வந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. ஏழெட்டு வருடமாக இந்த ஒரு வாரம் மட்டும் எனக்கு மீன் இறங்குவதில்லை. காரணத்தை மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அப்போது சிதம்பரத்தில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்த்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். உடம்பு கடையில் இருக்கும், மனசு தேவனாம்பட்டினம் ஃபுட்பால் டீமோடு இருக்கும். நான் ஆடுவேனா என்று கேட்காதீர்கள். பள்ளியில் ஒரே ஒரு கோல் அடித்திருக்கிறேன், அதுவும் எங்கள் பக்கத்து கோலில். அதற்குப் பிறகு தண்ணீர் பாட்டில் தூக்குவது, எலுமிச்சை நறுக்குவது, தொண்டை கிழியக் கத்துவது என்று என் தகுதிக்கேற்ற வேலைகளோடு ஒதுங்கிக்கொண்டேன். பேர்ப்பட்டியலில் கடைசிப் பேராக 'பாய்' என்று என்னையும் கிண்டலுக்குச் சேர்த்திருந்தார்கள்.

கேப்டன் குமரவேல். டீமில் எல்லோருக்கும் நான் பாய், அவனுக்கு மட்டும் மச்சான். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். டீமில் பாதிக்கு மேல் அப்படித்தான். கடல் மணலில் ஆடிப் பழகிய கால்களைக் கெட்டித் தரையில் விட்டால் பிடிக்க ஆள் கிடையாது. சுனாமியில் குடிசைகள் போன இடம் ஒன்று ஊரோரம் காலியாகக் கிடந்தது, அதுதான் அவர்களுடைய மைதானம். அங்கே வலை பின்னும் கூடம் கட்ட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சு வந்தபோது குமரவேல் போய் மல்லுக்கு நின்றான். தலைவர் கடைசியில் இறங்கி வந்தார்.

"இந்த வருசம் லீக் கப்ப வாங்கியாங்க, எடம் ஒங்களுக்குத்தான். இல்லன்னா அப்பறம் யாரும் வாய தொறக்கக் கூடாது."

மே மாதம் லீக் தொடங்கியது. மொத்தம் ஒன்பது ஆட்டம். முதல் ஆறையும் ஜெயித்தோம். 'ஜெயித்தோம்' என்கிறேன் பாருங்கள், எலுமிச்சை நறுக்கியவன்! மீதி மூன்றில் ஒன்றை ஜெயித்தால் கப் எங்களுக்கு, மைதானமும் எங்களுக்கு. பஸ் கண்டக்டரிடம்கூட இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் மீதிச் சில்லறை தராமல் நகர்ந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆறாவது ஆட்டத்தில் குமரவேலின் கணுக்கால் பிசகியது. முட்டைப் பத்து போட்டுக் கட்டினார்கள். அவன் இல்லாமல் எப்படி ஜெயிப்பது? லீக் செயலாளர் எங்கள் கடைக்கு வந்து போகிறவர். யாரையும் கேட்காமல் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, மீதி மூன்று ஆட்டங்களையும் பத்து நாள் தள்ளிவைக்கச் சொன்னேன். எங்களோடு மோத வேண்டிய மூன்று டீமும் உடனே சரி என்றன. ஏன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றன என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்று இல்லை.

ஒரு கிலோ அல்வாவோடு தேவனாம்பட்டினம் போய் இறங்கினேன். குமரவேல் தேதியைக் கேட்டான். சொன்னேன். அல்வாவை எடுத்த கை அப்படியே நின்றது.

"இன்னா மச்சான் பண்ணிட்ட? பதினாலோட தடை முடியுது. அடுத்த நாளே போட்டு கடலுக்குக் கெளம்புதே."

"ஒரு நடை லீவு போடக் கூடாதா?"

"மொத நடைக்கு ஏறாதவன வருசம் பூரா ஏத்த மாட்டாங்க மச்சான். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கடலுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பிறந்து வளர்ந்தவனுக்கு, தடைக்காலம் என்றால் மீன் விலை ஜாஸ்தி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர்கள் ஆறு ஆட்டம் ஜெயித்ததே அந்த இரண்டு மாதம் எல்லோரும் கரையில் ஒன்றாக இருந்ததால்தான் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் செயலாளரிடம் ஓடினேன். "நீதானப்பா கேட்ட? லெட்டர்லாம் போயிடிச்சி" என்றார்.

ஏழாவது ஆட்டத்துக்கு என்னையும் சேர்த்து ஏழு பேர். ஐந்து கோல் வாங்கினோம். என் காலுக்கிடையிலேயே இரண்டு போனது. எட்டாவதுக்கு ஆறு பேர்தான் தேறினோம். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட விடமாட்டார்கள், ஆடாமலே தோற்றோம் என்று எழுதிக்கொண்டார்கள். நான் மைதானத்து மூலையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

ஒன்பதாவது சிதம்பரத்தில். கடைக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலையிலிருந்து துறைமுகத்தில் நின்றேன். வந்த ஒவ்வொரு படகின் பேரையும் எட்டி எட்டிப் படித்தேன். ஒரு மணிக்குக் குமரவேலின் படகு வந்தது. மீன் இறக்குவதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு அப்படியே குதித்து வந்தான். ஐந்து நாள் சரியாகத் தூங்காத கண். பஸ்ஸில் டீசல் வாடைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார்.

எட்டுப் பேராக ஆடி, அவன் ஒரு கோலும் அடித்தான். முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதைக் காப்பாற்றினோம். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவனுக்கு இரண்டு காலும் இழுத்துக்கொண்டது. சாய்ந்தவன் எழவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் போனது.

திரும்பும்போது பஸ்ஸில் கெஞ்சினேன். "என்னைத் திட்டுடா. ரெண்டு அடி அடிச்சிடு."

"தூங்க வுடு மச்சான்" என்று தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டான்.

ஆவணியில் வலைக்கூடம் எழும்பியது. கோல் கம்பத்துக்கு நட்ட சவுக்கு மரங்களைக் கூரைக்கே போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் டீம் இல்லை. எனக்கும் கடலூரிலேயே வேலை கிடைத்தது, ஆனால் தேவனாம்பட்டினம் பக்கம் போகக் கால் வரவில்லை.

போன வருடம் குமரவேல் புது வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி வெளியூர்க்காரி, அந்தப் பெண் இலையில் பரிமாறிக்கொண்டிருந்தது. வாய் சும்மா இருக்காமல், "சிதம்பரத்துல இவன் ஒரு கோல் அடிச்சான் பாரும்மா, பாதி கிரவுண்டுலேருந்து" என்று ஆரம்பித்தேன்.

"இவரா? பந்தா?" என்று அது சிரித்தது.

குமரவேல் என் பக்கம் பார்க்காமல் சொன்னான். "பாய் வேற யாரையோ நெனச்சிக்கிட்டுச் சொல்றாரு. கொழம்பு ஊத்து."