பாதிப் படகோடு காரைக்காலுக்கு

1953, பொங்கல் விடுமுறை. காலை எட்டரை மணிக்குப் பேரளத்தில் இறங்கினோம். காரைக்கால் பதினைந்து மைல்; மூன்றாம் வகுப்பு ஆறணா. பிரெஞ்சு எல்லைக்குள் போவதால் மூட்டைகளைச் சோதித்தார்கள். என்னுடன் காரைக்கால்காரி சுபைதா, என் கல்லூரி வகுப்புத் தோழி.

காரைக்காலில் காட்ட, என் கையில் எங்கள் ஓவிய வகுப்பு மூன்று வாரம் வரைந்த நான்கு கஜத் துணி. படம் போட்டவர் விளக்கக் கூடாது. பார்ப்பவர் கேட்க வேண்டும். பதிலையும் பார்ப்பவரே வரைந்து சொல்ல வேண்டும். பேராசிரியர் வகுத்த விதி இது. துணி பத்திரமாகத் திரும்பாவிட்டால் ஓவிய வகுப்பை நிறுத்திவிடுவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருந்தார்.

சுங்க அதிகாரி துணியை விரித்தார்.

"நீலம், வெள்ளை, செவப்பு. பிரெஞ்சுக் கொடியா?"

"துணிக்குப் போடுற நீலம், சுண்ணாம்பு, செங்கப்பொடிங்க. சாயம் வாங்க வசதியில்ல."

"நடுவுல படகு எதுக்கு? யாரு எங்க போறா?"

"அத நீங்கதாங்க சொல்லணும்."

சுபைதா என் கையைக் கிள்ளினாள். அவர் முகம் சிவந்தது.

"எனக்கே பரீட்ச வைக்கிறியா?"

கத்தரியை எடுத்தார். படகின் நடுவே துணி இரண்டானது. "இது மேலதிகாரிக்கு. நாளைக்கு வர்றப்ப கேளு." படகின் முன்பாதியோடு வண்டி ஏறினேன். பேராசிரியருக்கு என்ன பதில் சொல்வதென்று வழி நெடுக யோசித்தேன்.

பதினொரு மணிக்கு சுபைதாவின் வீடு. "வாம்மா, முதல்ல சாப்பிடு" என்றார் அவளுடைய வாப்பா. துணியைப் பார்க்க, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த எட்டுக் கல்லூரி மாணவர்கள் கூடத்தில் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். வேண்டாம் என்பவர்கள் எதிர்ப்பக்கம். ஒரு வாரமாகப் பேச்சில்லையாம்.

துணியை விரித்து, வெட்டிய ஓரத்தில் வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்தேன். சுபைதா விதியைச் சொன்னாள். திருவேட்டக்குடி மாணவர் மாணிக்கம் வெள்ளைத் துணியில் படகின் பின்பாதியை வரைந்தார். அதில் ஒருவன் உள்ளே புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, பிரெஞ்சுப் பென்ஷன்காரர் மகன் ஜோசப் கேட்டார்: "யாருப்பா அது?"

"நீதான்னு வச்சுக்கயேன்."

"நான் மட்டும் ஏன் எறைக்கணும்? தூரிகையக் கொடு!"

ஜோசப் பக்கத்திலேயே இன்னொருவனை வரைந்தார். "இவன் மூக்கப் பாரு, உன்ன மாதிரியே!" என்றார் மாணிக்கத்திடம். கூடம் சிரித்தது. அதன்பின் சண்டையும் வந்தது. ஆனால் முகம் பார்த்துப் போட்ட சண்டை.

மறுநாள் பத்து மணிக்குப் பேரளம். அதிகாரி தம்மிடமிருந்த பாதியைக் கொண்டுவந்து என் துணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுல ஆளில்ல. அதுல ரெண்டு பேரு. எது சரி?"

'நீங்கதாங்க சொல்லணும்' என்ற பழைய பதில் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "உங்களுக்கு எது புடிச்சிருக்குங்க?" என்றேன்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓட்ட விழுந்த படகுன்னா ரெண்டு பேராவது வேணும்" என்று சொல்லி, தம் பாதியையும் மடித்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். என் படங்களைப் பார்த்து அப்பா "நல்லாருக்கும்மா" என்பார். நான் விளக்கத் தொடங்குவேன். அவர் என்ன பார்த்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த முறை ஊருக்குப் போனதும் துணியை அவர் முன் விரித்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.